இழுவை சாரும் கிழிய வேண்டிய தையலும்

தைத்த பொருள் எதையும் இழுத்துப் பார்க்காமல் நம்பாத மனிதர் இந்த நாட்டிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவரும் எங்கள் ஆபீசில்தான் இருந்தார். ராணிப்பேட்டையில் கைப்பை, பெல்ட், பர்ஸ் என்று தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு தோல் கம்பெனியில் நான் சரக்கு வாங்கும் கம்பெனிகளோடு கடிதப் போக்குவரத்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் க்யூ.சி. மேனேஜர், அதாவது தரம் பார்ப்பவர். அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. கேட் செக்யூரிட்டியிலிருந்து ஜி.எம். வரை எல்லோருக்கும் அவர் 'இழுவை சார்'.

பெயருக்குக் காரணம் இரண்டு. ஒன்று, எந்தத் தையலைக் கண்டாலும் இரண்டு கட்டைவிரலையும் கொடுத்து ஒரு இழு இழுப்பார். தையல் பிரிந்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும். பிரியாவிட்டால் கொஞ்சம் ஏமாற்றத்தோடு, "ம்... பாஸ்" என்பார். இரண்டாவது காரணம், அவர் பேச்சு. காட்பாடியில் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் ராணிப்பேட்டையில்தான் முடிப்பார். உவமைக்காகச் சொல்லவில்லை. என் வீடும் காட்பாடி, அவர் வீடும் காட்பாடி. தினமும் அவர் காரில்தான் திருவலம் வழியாக வேலைக்குப் போவேன். நடுவில் இறங்க வழியே இல்லை.

வேலை நேரத்தில் மட்டும் இழுத்தால் பரவாயில்லை. ஓட்டலுக்குப் போனால் சோபா மூலையை இழுப்பார். பஸ்ஸில் போனால் முன் சீட்டின் ரெக்ஸினை இழுப்பார். ஒரு சுதந்திர தினத்தன்று கொடியேற்ற வந்த ஜி.எம்.மின் புதுச்சட்டையைப் பார்த்து, "சார், பட்டன் தையல் லூஸா கீற மாதிரி தெரிது" என்று ஆசையாகத் தொட்டார். பட்டன் கையோடு வந்துவிட்டது. ஜி.எம். ஒரு கையால் நெஞ்சைப் பொத்திக்கொண்டு மறுகையால் கொடியேற்றினார். பார்த்தவர்கள் எல்லோரும் என்ன தேசபக்தி என்று வியந்தார்கள்.

இதற்கெல்லாம் சிகரம் அவருடைய ஒரே மகள் ஜெனியின் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ஆம்பூர். சர்ச் வாசலில் மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு காரிலிருந்து இறங்கினார். இழுவை சார் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டார். மாமனாருக்கு என்ன பாசம் என்று எல்லோரும் நெகிழ்ந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 'டர்' என்று ஒரு சத்தம். கோட்டின் தோள்பட்டைத் தையல் இவர் கையில் இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா நல்ல பருமனான மனிதர். ஆம்பூர் பஜாரில் கார் சீட் கவர் கடை வைத்திருப்பவர். நிதானமாகக் கேட்டார். "சம்பந்தி, பொண்ணு குடுக்கறவங்க மாப்பிள்ளையத்தான் செக் பண்ணுவாங்க. நீங்க கோட்ட செக் பண்றீங்களே?"

"மாப்பிள்ள பாஸு சம்பந்தி. கோட்டுதான் ரிஜெக்ட்டு."

அந்தப் பதிலில் சம்பந்தி விழுந்துவிட்டார். அவரும் தையல் தெரிந்த ஆள் இல்லையா? அன்றைக்கே இருவரும் தோஸ்த் ஆகிவிட்டார்கள்.

கல்யாணம் முடிந்த கொஞ்ச காலத்தில் இழுவை சார் புதுக் கார் வாங்கினார். அந்த மாடலிலேயே மேல் ரகம். கலரை, மைலேஜை, பாட்டுப் பெட்டியை எதையும் அவர் பார்க்கவில்லை. ஷோரூமில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை மட்டும் இழுத்து இழுத்துப் பார்த்தார் என்று அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா சொன்னார். விற்பனைப் பையன் கடைசியில், "சார், அது உங்களையே திருப்பி இழுக்கும் சார்" என்று சொன்னானாம். அவ்வளவுதான். காணாமல் போன சொந்தத் தம்பியைக் கண்டுபிடித்தது போல ஆகிவிட்டது அவருக்கு.

மறுநாள் காலையில் கார் ஏறியதிலிருந்து வகுப்பு ஆரம்பமானது.

"தோ பாரு விமலாம்மா. வண்டி மோதுதுன்னு வெச்சுக்க. நம்ம ஒடம்பு முன்னாடி போவும். போறதுக்கு முன்னாடியே இந்த பெல்ட்டு ஒரு இழு இழுத்து சீட்டோட ஒட்ட வெச்சிடும். சரி, அப்டியே இறுக்கிப் புடிச்சா இன்னா ஆவும்?"

"இன்னா சார் ஆவும்?"

"நெஞ்செலும்பு போய்டும்! அதனால புடிச்சிக்கினே கொஞ்சம் கொஞ்சமா விடும். எவ்ளோ விடணும்? அங்கதான் கீது விஷயம். ஒல்லியா இருந்தா ஒரு அளவு, குண்டா இருந்தா ஒரு அளவு. சீட்டுக்கு அடியில கீற சென்சாரு ஆளப் பாத்து சொல்லும். முன்னாடி வர்ற காத்துப் பை, அதான் ஏர்பேக்கு, அதுவும் அப்டித்தான். பொடிசா ஒரு ஆளு கிட்ட உக்காந்துனு இருந்தா மெதுவா ஊதும், தள்ளி உக்காந்த பெரிய ஆளுக்கு வேகமா ஊதும். உனக்கு ஒரு மாதிரி, என் சம்பந்திக்கு வேற மாதிரி."

"வண்டிக்கே மரியாதை தெரியுது சார்" என்றேன்.

"அதச் சொல்லு!" என்று ஸ்டீயரிங்கைத் தட்டினார். அது ஹாரனாகிவிட, முன்னால் போன ஆடுகள் சிதறின.

அன்றிலிருந்து அந்தக் காரில் ஏறுவது விமானம் ஏறுவதைவிடக் கஷ்டமாகிவிட்டது. பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும். போட்டால் போதாது. தோள்பட்டையில் முறுக்கிக்கொண்டிருக்கக் கூடாது. கைக்கு அடியில் நுழைத்துக்கொள்ளக் கூடாது. இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறக் கூடாது, எலும்பில் உட்கார வேண்டும். அவர் இறங்கி வந்து ஒவ்வொருவரையும் இழுத்துப் பார்த்து, "பாஸ்" சொன்ன பிறகுதான் கிளப்புவார். டாஷ்போர்டின் மேல் ஸ்டெல்லா அக்கா ஒட்டி வைத்த சின்ன மாதா சிலையைப் பயபக்தியோடு கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். "பை வெடிச்சா மாதா நம்ம மூஞ்சிக்குத்தான் வருவாங்க. அவங்களுக்கு எதுக்கு அந்தப் பாவம்?"

ஒருமுறை ஆபீசில் ஒரு பிரிவு உபசார விழா. ஆம்பூரிலிருந்து சம்பந்தி அண்டா மாதிரி ஒரு பெரிய தேக்சா நிறைய பிரியாணியை பஸ்ஸில் அனுப்பியிருந்தார். அதை வாங்கிவரப் போன இழுவை சார் முன் சீட்டில் ஏற்றினார். தேக்சா நல்ல கனம். சீட்டு அதை ஆள் என்று நினைத்துக்கொண்டது. பெல்ட் போடவில்லை என்று 'டிங் டிங்' என்று கத்த ஆரம்பித்தது. வேறு யாராக இருந்தாலும் தேக்சாவைக் கீழே இறக்கி வைத்திருப்பார்கள். இவர் அதற்குப் பெல்ட் போட்டுவிட்டார். போட்டு, இழுத்தும் பார்த்தார். ஆபீஸ் வாசலில் கார் வந்து நின்றபோது, யாரோ வி.ஐ.பி. வந்திருக்கிறார் என்று செக்யூரிட்டி ஓடிப் போய் முன் கதவைத் திறந்து சல்யூட் அடித்தான். உள்ளே பிரியாணி கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

இப்படிப்பட்ட காருக்குச் சம்பந்தி சும்மா இருப்பாரா? தோல் ஊரில் இருந்துகொண்டு துணி சீட்டில் உட்காருவது அவருக்கு அவமானம். தன் கடையிலேயே, தன் கையாலேயே எருமைத் தோலில் இரட்டைத் தையல் போட்டு, சீட்டின் முன், பின், பக்கவாட்டு எல்லாவற்றையும் மூடி ஒரு கவர் தைத்துக்கொண்டு வந்து மாட்டினார். இழுவை சார் சீட்டின் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, இரண்டு கையாலும் முழு பலத்தையும் கொடுத்து இழுத்தார். அசையவில்லை. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

"சம்பந்தி... இதுதான் தையல்."

"நம்ம கடை கவரு போட்ட வண்டி ஸ்கிராப்புக்குப் போனாலும் கவரு மட்டும் அப்டியே இருக்கும் சம்பந்தி" என்றார் அவர்.

இந்த இடத்தில்தான் கதையில் புனே வருகிறது.

எங்கள் கம்பெனிக்கு ஒரு புது ஆர்டர் கிடைக்கும் போல இருந்தது. கார்களுக்கு சீட் செய்து கொடுக்கும் புனே கம்பெனி ஒன்று, தோல் சீட் உறை தைத்துத் தர முடியுமா என்று கேட்டது. முதலில் மாதிரிக்குச் சில உறைகள். அது பிடித்துப்போனால் பெரிய ஆர்டர். கைப்பை வியாபாரம் படுத்துக் கிடந்த நேரம். புதிதாக ஆள் எடுப்பதா, இருக்கிற ஆளையே அனுப்புவதா என்று மேலே பேசிக்கொண்டிருந்தார்கள். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கும் அது தெரியும். மாதிரியைப் பார்த்துப் பார்த்துத் தைத்தார்கள்.

தைத்தது இழுவை சார் மேஜைக்கு வந்தது. எடுத்தார். இழுத்தார். முன் தையல் பாஸ். மேல் தையல் பாஸ். பக்கவாட்டில் கதவுப் பக்கமாக வரும் தையலைப் பிடித்தார். 'டர்ர்ர்' என்று முழு நீளத்துக்கும் பிரிந்து போனது. அடுத்த உறையை எடுத்தார். அதுவும் அதே இடத்தில் டர்ர்ர். தளமே நடுங்க ஒரு சத்தம் போட்டார். "யாரு தெச்சது இது? கொசு வலைக்குப் போடற நூலப் போட்டு கார் சீட்டு தெக்கறீங்களா?"

சூப்பர்வைசர் புனேயிலிருந்து வந்த வரைபடத்தைக் காட்டினார். அந்த ஒரு தையலுக்கு மட்டும் மெல்லிய நூல், இந்த அளவுக்கு இழுத்தால் பிரிய வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. இழுவை சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"படத்துலயே தப்பு" என்று தீர்ப்பளித்தார்.

அதோடு விட்டாரா? எல்லா உறைகளையும் கிடங்கில் இருந்ததிலேயே தடித்த நூலால் மறுபடி தைக்கச் சொன்னார். என்னிடம் வந்து, "விமலாம்மா, புனேக்கு ஒரு மெயில் போடு. உங்க டிராயிங்ல ஒரு தப்பு இருந்திச்சி, நாங்க சரி பண்ணிட்டோம், அதுக்கு எதுவும் தர வேணாம், எங்க அன்பளிப்புன்னு போடு" என்றார். இப்படி எழுதலாமா என்று ஜி.எம்.மிடம் கேட்டேன். தரம் சம்பந்தப்பட்டதில் அவரை மீறி எதுவும் செய்யாதே என்று அவர் போன் பேசிக்கொண்டே கையைக் காட்டிவிட்டார். மெயில் போனது.

பதில் வரவில்லை. ஆளே வந்துவிட்டது.

புனேயிலிருந்து வந்தது ஒரு இளம் பெண் இன்ஜினியர். விமானம் ஏறிச் சென்னை வந்து, அங்கிருந்து கார் பிடித்து வந்து இறங்கினாள். முகத்தில் தூக்கமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அவள் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

"சார், சீட்டோட பக்கவாட்டுக்குள்ள ஒரு ஏர்பேக் இருக்கு. பக்கத்துல வண்டி மோதினா அந்தத் தையலக் கிழிச்சிக்கிட்டுதான் அது வெளிய வரணுமாம். அது கிழியணும். கிழியாட்டிதான் தப்பாம்."

இழுவை சார் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இன்னா மேடம் இது? தெக்கறதே கிழியாம இருக்கத்தான? கிழியணும்னா அத எதுக்கு தெக்கணும்?"

நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் வந்ததிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாள். வாதாடவில்லை. சென்னைக்கு வெளியே ஒரு சோதனைக் கூடம் இருக்கிறது, இவர் தைத்ததையும் எடுத்துக்கொண்டு நாளைக்கு அங்கே வரட்டும் என்றாள்.

மொழிபெயர்ப்புக்காக நானும் போனேன். தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கார் சீட்டு. அதில் ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பொம்மைக்குப் பெல்ட் சரியாக இருக்கிறதா என்று உள்ளே போய் இழுத்துப் பார்க்க அனுமதி கேட்டார் இழுவை சார். கிடைக்கவில்லை.

முதலில் அவர்களே கொண்டுவந்திருந்த, மெல்லிய நூல் தைத்த உறை. யாரோ எண்ணினார்கள். 'டப்' என்று பட்டாசு போல ஒரு சத்தம். கண் இமைக்கவில்லை, அதற்குள் பொம்மைக்கும் கதவு இருக்க வேண்டிய இடத்துக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு தலையணை நின்றது. அடுத்து எங்கள் அன்பளிப்பு. அதே 'டப்'. இந்த முறை சீட்டின் பக்கவாட்டு பலூன் போலப் புடைத்தது. தையல் விடவில்லை. தடித்த நூல் தன் வேலையை விசுவாசமாகச் செய்தது. வழி கிடைக்காத பை பின்பக்கமாகப் பிதுங்கிக்கொண்டு, எங்கோ கோணலாக வெளியே வந்து தொங்கியது. பொம்மையின் விலாவுக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

அதையே கம்ப்யூட்டரில் மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். இழுவை சார் மறுபடி காட்டச் சொன்னார். மறுபடியும் காட்டச் சொன்னார். அந்தப் பெண் மெல்லிய குரலில், "நிஜ ஆளாக இருந்தால் விலா எலும்பு கதவில் போய் மோதியிருக்கும்" என்றாள். நான் மொழிபெயர்க்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

திரும்பி வரும் வழியெல்லாம் இழுவை சார் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்ரீபெரும்புதூர் போனது, காஞ்சிபுரம் திருப்பம் போனது, வாலாஜா போனது. இந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. நானே பேச்சுக் கொடுத்தேன், மழை வருமா சார் என்று. அவர் வானத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து காபி போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா அக்காவிடமிருந்து போன். "விமலா, சீக்கிரம் வாயேன். இவரு பிளேட வெச்சிக்கினு கார அறுக்கறாரு!"

ஓடினேன். கார் ஷெட்டில் சம்பந்தியின் எருமைத் தோல் கவரை அறுத்து அறுத்துத் தரையில் போட்டிருந்தார். கழற்றத்தான் பார்த்திருக்கிறார். ஆனால் அது சம்பந்தி தைத்தது. கழலுமா?

"இந்த சீட்டுக்குள்ளயும் அதே பை கீது. தெனம் இதுல உன்ன உக்கார வெச்சினு போனேனேம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மறுபடி மெல்லிய நூலிலேயே தைத்த உறைகள் புனேக்குப் போயின. ஆர்டர் வந்தது, மெஷின் பெண்கள் யாரும் வேலையை விட்டுப் போகவில்லை. இழுவை சார் மாறிப்போனார். இப்போது பக்கவாட்டுத் தையல் சரியாகக் கிழிந்தால்தான் பாஸ், கிழியாவிட்டால் ரிஜெக்ட். ஆபீஸ் வாசலில் நின்ற கார்களை எல்லாம் எட்டிப் பார்த்து, எதற்குப் பக்கத்தில் காற்றுப் பை இருக்கிறது, எவன் கவர் போட்டு மூடியிருக்கிறான் என்று விசாரிக்க ஆரம்பித்தார். ஜி.எம். காரைப் பின் கேட்டுக்கு மாற்றிக்கொண்டார்.

எல்லாம் நல்லபடியாகப் போயிருக்கும், சம்பந்தி மட்டும் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் காட்பாடிக்கு வராமல் இருந்திருந்தால். வந்தார். காரைப் பார்த்தார். சீட்டு அம்மணமாக இருந்தது.

"இன்னா சம்பந்தி... கவரு எங்க?"

இழுவை சார் விளக்கினார். வழக்கம்போல நீளமாக விளக்கினார். சென்சாரில் ஆரம்பித்து, பொம்மையின் விலா வரைக்கும் போனார். சம்பந்தி காதில் ஒன்றே ஒன்றுதான் விழுந்தது. உன் கவர் ஆளைக் கொல்லும்.

"பிளேடு போட்டா கீசினீங்க? என் கையால தெச்சத?" சம்பந்தி எழுந்துகொண்டார். "உங்க பொண்ண எங்க வூட்டுக்கு அனுப்சிங்க. நாங்க அதுக்கு இன்னா கொறை வெச்சோம்? உங்க வூட்டு பொருள் எதையாவது கீசினமா?" தட்டில் வைத்த முறுக்கைத் தொடாமல் போய்விட்டார்.

அதன் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டது ஜெனிதான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு போனில் அழுவாள். "மாமா சாப்பிடும்போதுகூட உம்முனு கீறாருப்பா. நீ ஒரு சாரி சொல்லிடேன்." இழுவை சார் சாரி சொல்லத் தயார்தான். ஆனால் அதோடு சேர்த்து விளக்கமும் சொல்வேன் என்றார். வேண்டவே வேண்டாம் என்றாள் ஜெனி.

குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆம்பூர் சர்ச்சில் வைத்திருந்தார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். அன்று காலை சம்பந்தி சென்னையில் சரக்கு எடுத்துவிட்டு ரயிலில் வருகிறார், அந்த ரயில் ஆம்பூரில் நிற்காது, காட்பாடியில்தான் இறங்குவார், அப்பா, நீதான் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று ஜெனி கட்டளை போட்டுவிட்டாள். வேண்டுமென்றே செய்தாள் என்பது என் எண்ணம்.

ஸ்டேஷன் வாசலில் சம்பந்தி வந்தார். யாரையும் பார்க்காமல் முன் சீட்டில் ஏறினார். அவர் பின்னால் நான், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஸ்டெல்லா அக்கா. கார் 'டிங் டிங்' என்றது. சம்பந்தி பெல்ட்டைத் தொடவில்லை.

இழுவை சார் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "விமலாம்மா, அவர பெல்ட்டு போடச் சொல்லு."

சம்பந்தி ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். "மேடம், நான் பெல்ட்டு போட மாட்டேன்னு அவருகிட்ட சொல்லுங்க."

"போடாட்டி வண்டி நவுராதுன்னு சொல்லும்மா."

"நவுராட்டி பேஜாரு எனக்கு இல்லன்னு சொல்லுங்க மேடம். பேரன் அவருக்கும் பேரன்தான்."

கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பெரிய மனிதர்களுக்கு நடுவில் நான் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். ஒருவர் வந்து ஜன்னலில் தட்டி, "வண்டி ரிப்பேரா சார், தள்ளட்டுமா?" என்று கேட்டார். கடைசியில் ஸ்டெல்லா அக்கா பட்டுப்புடவையோடு முன்பக்கம் எம்பினார். சம்பந்தியின் தோள் வழியாகப் பெல்ட்டை இழுத்தார், சுற்றினார், 'க்ளிக்' என்று மாட்டினார். "ஞானஸ்நானம் கொயந்தைக்குன்னு நெனச்சேன். உங்க ரெண்டு பேருக்கும் சேத்து வெச்சிருக்கணும்" என்றார். வண்டி கிளம்பியது.

வேலூர் தாண்டி, பள்ளிகொண்டா தாண்டினோம். மாதனூருக்குக் கொஞ்சம் முன்னால், இடது பக்கக் கிளைச் சாலையிலிருந்து ஈரத் தோல் ஏற்றிய ஒரு மினி லாரி நிற்காமல் நேராக மேலே ஏறி வந்தது. இழுவை சார் பிரேக்கை மிதித்து வலப்பக்கம் ஒடித்தார். என் பெல்ட் என்னைச் சீட்டோடு சேர்த்து ஒரு இழு இழுத்தது. பிறகு 'டப்'.

என் ஜன்னலில் மேலிருந்து வெள்ளைத் திரை போல ஒரு காற்றுப் பை இறங்கியிருந்தது. காதில் 'ங்ங்' என்று ஒரு சத்தம். தீபாவளிப் பட்டாசு வாசனை. அதற்கு மேல் தோல் வாசனை. லாரியிலிருந்து சரிந்த தோல்கள் எங்கள் பானெட் மேலும் ரோட்டிலும் கிடந்தன. லாரி டிரைவர் இறங்கித் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒன்றுமில்லை. எங்கள் முன் இடது கதவு உள்வாங்கியிருந்தது. அங்கேதான் சம்பந்தி.

"சம்பந்தி!" என்று இழுவை சார் போட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அந்தக் கதவு திறக்கவில்லை. தன் பக்கத்திலிருந்தே தாண்டி அவர் மேல் சாய்ந்து, கன்னத்தைத் தட்டினார். "சம்பந்தி, பேசுங்க சம்பந்தி. ஒரு வார்த்த பேசுங்க."

சம்பந்தி கண்ணைத் திறக்காமல் கேட்டார். "யாரு என்ன இழுத்தது?"

"பெல்ட்டு சம்பந்தி, பெல்ட்டு."

"நான் செத்துப் பூட்டனா?"

"இல்ல சம்பந்தி. கீறீங்க. என் எதுர்லயே கீறீங்க."

"இது இன்னா, நடுவுல தலகாணி?"

அப்போதுதான் இழுவை சார் அதைப் பார்த்தார். சம்பந்திக்கும் நசுங்கிய கதவுக்கும் நடுவில் காற்று இறங்கிக்கொண்டிருந்த பை. அதற்குப் பின்னால், அது கிழித்துக்கொண்டு வந்த சீட்டுத் தையல். விரலால் தடவினார். "விமலாம்மா! தோ பாரு, சுத்தமா கிழிஞ்சிருக்கு! மேலருந்து கீழ வரைக்கும், ஒரு நூலு நிக்கல! எவ்ளோ அழகா கிழிஞ்சிருக்கு பாரு!" என்று கத்தினார். கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றிக்கொண்டிருந்தது.

கூடிய கூட்டம் அவரைப் பார்த்தது. ரோடு முழுக்கத் தோல், நசுங்கிய கார், அதற்குள் ஒருவர் கிழிசலைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விடுகிறார். "பெரியவருக்குத் தலைல அடிபட்டுச்சுபா" என்று ஒருவர் முடிவு செய்தார். ஆம்புலன்ஸ் வந்ததும் முதலில் அவரைத்தான் பிடித்துப் படுக்க வைத்தார்கள். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, அவரப் பாருங்க" என்று அவர் திமிறத் திமிற ஸ்ட்ரெச்சர் பட்டையைப் போட்டு இறுக்கினார்கள். போகிற போக்கில் பட்டை லூஸ் என்று குறை சொல்லிவிட்டுத்தான் போனார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் எங்கள் எல்லோரையும் பார்த்தார்கள். எனக்கும் ஸ்டெல்லா அக்காவுக்கும் ஒன்றுமில்லை. சம்பந்திக்கு ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்கள். தோளில் பெல்ட் பட்ட இடத்தில் கன்றிப்போயிருக்கிறது, விலா எலும்பு எதுவும் உடையவில்லை, ஒருநாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றார் டாக்டர். ஞானஸ்நானத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்துவிட்டு, ஜெனி வெள்ளைக் கவுன் போட்ட குழந்தையோடு வந்து சேர்ந்தாள்.

சம்பந்தி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இழுவை சார் கால்மாட்டில் நின்றார். ஒருவர் ஜன்னலைப் பார்த்தார், ஒருவர் தரையைப் பார்த்தார். மொழிபெயர்க்க வேண்டியிருக்குமோ என்று நான் கிட்டப் போனேன்.

"சம்பந்தி" என்றார் ஆம்பூர்க்காரர். "அந்தப் பை நல்ல பைதான். ஒத்துக்கறேன்."

இழுவை சார் தலையாட்டினார்.

"ஆனா துணி. அதையே நல்ல ஆட்டுத் தோல்ல பண்ணா இன்னும் ஜோரா இருக்கும்."

இழுவை சார் வாயைத் திறந்தார். தோலில் ஏன் பண்ண முடியாது என்று ஒரு மணி நேரத்துக்குச் சொல்ல அவரிடம் விஷயம் இருந்தது என்பது எனக்குத் தெரியும். திறந்த வாயை மூடிக்கொண்டு, "பண்ணலாம் சம்பந்தி. பேசிப் பாக்கறேன்" என்றார்.

சம்பந்தி இப்போது பக்கவாட்டுப் பை உள்ள வண்டி வந்தால் கவர் போடுவதில்லை. வேறு எதையாவது விற்று அனுப்புகிறார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு முறை இழுவை சாருக்குப் போன் போட்டு, உங்களால்தான் எல்லாம் என்று திட்டுகிறார் என்று கேள்வி.

நான் சொல்ல வந்தது அது இல்லை. அன்று டாக்டர் எல்லோருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, வராந்தாவில் இழுவை சாரைக் காணோம். தேடிக்கொண்டு போனேன். மாடிப்படிக்குப் பக்கத்து பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். திறக்கவில்லை. எந்தத் தையலையும் பிரிக்கும் அந்தக் கட்டைவிரல்கள் மூடியில் வழுக்கிக்கொண்டே இருந்தன.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டிலை வாங்கித் திறந்து கொடுத்தேன். மடமடவென்று குடித்தார். சட்டையெல்லாம் சிந்திக்கொண்டார். வாயைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"யாருகிட்டயும் சொல்லாதம்மா."

"சொல்ல மாட்டேன் சார்" என்றேன்.

சொல்லவில்லை. அவர் ரிடையராகி, பேரனுக்காக ஆம்பூர் பக்கமே குடிபோய், நானும் வேறு வேலைக்கு மாறின பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. இதோ, இப்போதுதான் உங்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். படித்தால் அவருக்குக் கோபம் வரும். உடனே போன் பண்ணுவார், நிறுத்தாமல் பேசுவார்.

பண்ணட்டும். குரலைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.